திருகோணமலையில் கம்புச் செய்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பு எது? குரக்கன், இறுங்கு, சோளம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறதே.

கதிரைப் பார்த்தால் குழப்பம் தீரும். குரக்கன் கதிர் உள்ளே மடக்கிய விரல்கள் மாதிரி இருக்கும். இறுங்கின் கதிர் ஒரு குலை. கம்பின் கதிர் மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும். அரை அடியிலிருந்து ஓரடி வரை நீளமான தண்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை மணிகள் இடைவெளியில்லாமல் பதிந்திருக்கும். குளக்கரையில் சம்புப் புல் பூத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் புதிதாகத் தெரியாது.

பெயரில் ஒரு பொறியும் உண்டு. தமிழ்நாட்டுக் காணொளிகளில் "சோளம்" என்று சொல்வது நமது இறுங்கை. நாம் சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பார்கள். உர அளவையும் விதை அளவையும் அங்கிருந்து எடுப்பவர்கள் இதைச் சரிபார்த்துக்கொண்டு எடுக்கவும்.

வறட்சியைத் தாங்கும் என்றால் தண்ணீரே வேண்டாமா?

வேண்டும், ஆனால் கொஞ்சம் போதும். ஒரு பயிர்க்காலத்துக்கு 350 முதல் 500 மில்லிமீற்றர் வரை கிடைத்தால் நன்றாக விளையும். அதைவிடக் குறைந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாது. சகாராவுக்குத் தெற்கே உள்ள வரண்ட புல்வெளியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பழக்கியெடுத்த பயிர் இது. அந்த நிலத்தின் பழக்கம் இன்னும் அதனிடம் இருக்கிறது.

தாங்குவதற்குக் காரணங்கள் சில. வேர் ஐந்தாறு அடிக்குக் கீழேயும் போய் ஈரம் தேடும். 35 பாகைச் சூட்டிலும் இலை வேலை செய்துகொண்டிருக்கும். முக்கியமானது பக்கக் கிளைகள். அவை தாய்த்தண்டோடு ஒரே நாளில் பூப்பதில்லை, நாட்கள் பிந்தியே பூக்கும். தாய்க்கதிர் பூக்கும் வாரத்தில் நிலம் காய்ந்து அது பொய்த்தாலும், பின்னால் ஒரு மழை விழுந்தால் கிளைக்கதிர்கள் அந்த நட்டத்தில் ஒரு பங்கை ஈடுசெய்யும். சோளத்துக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. ஆண்பூ காய்ந்தால் அதன் கதை முடிந்தது.

எதைத் தாங்காது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். வேரடியில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. பூக்கும்போது பெய்யும் மழையையும் தாங்காது. திருகோணமலையில் கம்பு கெடுவதானால் பெரும்பாலும் தாகத்தால் அல்ல, தண்ணீரால்தான் கெடும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒன்றையே சுற்றி வரும்.

எப்போது விதைப்பது? பெரும்போகத்தோடு ஐப்பசியில் போடலாமா?

ஐப்பசியில் போட வேண்டாம். மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை விழுகிறது. அதில் 700க்குக் கிட்டவானது நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் கொட்டிவிடுகிறது. கம்பு விதைத்து 45 முதல் 50 நாளில் பூக்கும். ஒக்டோபரில் விதைத்தால் பூ சரியாக அடைமழைக்குள் போய் மாட்டும். மகரந்தம் கழுவிப் போய்விடும், மிச்சம் இருப்பதைப் பூஞ்சணம் பிடிக்கும்.

நாங்கள் சொல்லும் காலம் தைப்பொங்கலிலிருந்து ஜனவரி முடிவு வரை. நிலத்தில் மாரியின் ஈரம் இருக்கும். தை, மாசியில் ஒதுங்கி ஒதுங்கிப் பெய்யும் மழை தூர் கட்ட உதவும். மார்ச் முற்பாதியில், மழை ஓய்ந்த வெயிலில் பூக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி அறுவடை. மழையை மட்டும் நம்பிச் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல இடைவெளி ஆண்டில் இல்லை.

கிணறு உள்ளவர்கள் சிறுபோகத்திலும் செய்யலாம். சித்திரை நடுப்பகுதியில் விதைத்தால் பூ ஜூனில் வரும். ஆண்டில் மிகக் குறைந்த மழை அந்த மாதத்தில்தான். மகரந்தத்துக்கு அது நல்லது. ஆனால் தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் காலம், நிலம் சட்டென்று காயும், நெட்டை இனங்கள் சாயும். நாலைந்து தடவை தண்ணீர் கட்ட முடியாதவர்கள் சிறுபோகத்தில் இறங்க வேண்டாம்.

எந்த மண் பொருந்தும்?

தண்ணீர் வடியும் எந்த மண்ணும். மொரவெவ, கோமரங்கடவல, ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மேட்டுக் காணிகளின் செங்கபில மண் நல்லது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலிலும் வரும். ஆனால் மணலில் இட்ட யூரியா முதல் மழையோடு கீழே போய்விடும், ஆகவே மூன்றாகப் பிரித்து இட வேண்டும். ஓரளவு உவரையும் பொறுத்துக்கொள்ளும். முளைக்கும் நாட்களில் மட்டும் உவர் அதைக் கொல்லும், அந்த முதல் பத்து நாளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

தம்பலகாமம், கந்தளாய் வயல்வெளியின் தாழ்ந்த களிமண் வயல்களைத் தவிர்த்துவிடவும். நெல் அறுத்த மேட்டு வயலில் ஈரம் இருக்கும்போதே உழுது போடலாம். இறுகிய பிறகு உழுதால் பாறாங்கட்டிதான் கிளம்பும், இந்தச் சின்ன விதை அதற்குள் முளைக்காது.

விதை எங்கே கிடைக்கும்? பலசரக்குக் கடைக் கம்பை விதைக்கலாமா?

கமநல சேவை நிலையத்தில் குரக்கன், பயறு விதைபோலக் கம்பு விதை அடுக்கியிருக்காது. உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே சொல்லி வைக்கவும். மஹா இலுப்பள்ளத்தில் உள்ள வயற்பயிர் ஆராய்ச்சி நிறுவகத்தில் அவர் விசாரித்துச் சொல்வார்.

கடைக் கம்பு முளைக்கும், முளைக்காமல் இருக்காது. ஆனால் அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் தானியம். கலப்பினப் பயிரின் அடுத்த தலைமுறையாக இருந்தால் ஒரே வரிசையில் ஒன்று மூன்றடி, ஒன்று ஏழடி, ஒன்று 42 நாளில் பூக்கும், இன்னொன்று 60 நாளில். முதல் முறை கால் ஏக்கரில் பார்த்துப் பழக அது போதும். வியாபாரத்துக்குப் போதாது.

சென்னையால் வரும்போது பையில் ஒரு கிலோ கொண்டுவருவது பலருக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், அடிச்சாம்பல் நோயும் தேன் ஒழுகல் நோயும் விதையோடு வந்து சேரக்கூடியவை.

இனத்தைப் பற்றி ஒரு சொல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 10, இக்ரிசாற் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிவந்த தனசக்தி ஆகியவை கலப்பினமல்ல, அவற்றின் விதையை அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாம். ஹரியானாவின் எச்.எச்.பி. 67 போன்ற கலப்பினங்கள் 65 நாள் அளவில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும். பெயர் கேட்டு வாங்குங்கள். "நல்ல கம்பு" என்று பெயரில்லாமல் விற்பதை வாங்க வேண்டாம்.

விதைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முளைதிறனைப் பாருங்கள். 100 மணியை ஈரத் துணியில் சுருட்டி மூன்று நாள் வையுங்கள். 75க்கு மேல் முளைத்தால் போடலாம். 60 என்றால் விதையளவைக் கூட்டவும். அதற்கும் கீழே என்றால் கோழிக்குக் கொடுத்துவிடவும்.

அடுத்தது உப்புத் தண்ணீர். 10 லீற்றர் தண்ணீரில் 1 கிலோ கறியுப்பைக் கரைத்து விதையை அதற்குள் கொட்டிக் கிளறுங்கள். பதரும், தேன் ஒழுகல் நோயின் கருமையான பூஞ்சணக் கட்டிகளும் மேலே மிதக்கும். அவற்றை அள்ளி எரித்துவிடவும், குப்பையில் வீசக் கூடாது. அடியில் தங்கிய விதையை மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும். அலசாமல் விட்டால் உப்பு முளையைக் கருக்கிவிடும். அடிச்சாம்பலுக்கு ஒரு கிலோ விதைக்கு 6 கிராம் கணக்கில் மெற்றலக்சில் என்ற பூஞ்சணக்கொல்லியின் 35 வீதத் தூளைக் கலப்பது வழக்கம். கையுறை போட்டுக் கலக்கவும், கலந்த விதையில் மிஞ்சியதைத் தின்னவோ தீவனமாக்கவோ கூடாது.

ஏக்கருக்கு எவ்வளவு விதை? எப்படிப் போடுவது?

ஏக்கருக்கு 2 கிலோ. கால் ஏக்கரில், அதாவது 40 பேர்ச்சில், தொடங்குபவருக்கு அரைக் கிலோ. ஒரு கிராமில் ஏறத்தாழ 100 மணி இருக்கும். ஆகவே 2 கிலோவில் இரண்டு லட்சம் மணி. நமக்கு வேண்டிய பயிரோ ஏக்கருக்கு 60,000தான். மீதி எறும்புக்கும், மண்ணோட்டுக்கும், பிறகு களைந்தெடுப்பதற்கும்.

வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, பயிருக்குப் பயிர் அரை அடி. ஆழம் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. முளைக்காததற்கு முதற்காரணம் ஆழம்தான். கையில் எடுத்துத் தூவும்போது கொத்தாக விழாமலிருக்க விதையோடு நாலு பங்கு உலர் மணல் கலக்கவும்.

செங்கபில மண்ணில் விதைத்த மறுநாள் மழை அடித்து வெயில் எறித்தால் மேல்மண் ஓடு கட்டிவிடும். முளை அடியில் மஞ்சளாக மடங்கிக் கிடக்கும், மேலே ஒன்றும் தெரியாது. நாலாம் நாள் ஓரிடத்தைக் கிளறிப் பார்க்கவும். முளை மடங்கியிருந்தால் ஒரு முட்கிளையை வெட்டி வரிசைக்குக் குறுக்கே லேசாக இழுத்தால் ஓடு உடையும். மண்வெட்டியால் உடைக்கப் போனால் ஓட்டோடு முளையும் போய்விடும்.

15ஆம் நாள் நெருக்கமாக நிற்கும் நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடவும். பிடுங்கிய நாற்றை வெறும் இடங்களில் மாலையில் நட்டு, இலை நுனியைக் கிள்ளித் தண்ணீர் விட்டால் பிடித்துக்கொள்ளும். களை எடுப்பு 15ஆம், 30ஆம் நாட்களில். முப்பது நாள் தாண்டினால் கம்பு தன் நிழலாலேயே களையை அடக்கும். அதற்கு முன் விட்டால் களை கம்பை அடக்கும்.

உரம்?

மானாவாரிக்கு ஏக்கருக்கு 2 தொன் மட்கிய மாட்டெரு, ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரம் 18 கிலோ, யூரியா 35 கிலோ. எருவும் ரி.எஸ்.பி.யும் அடியில். யூரியாவில் பாதி விதைக்கும்போது, பாதி 25 முதல் 30 நாளில், மண் ஈரமாக இருக்கும்போது மட்டும். காய்ந்த மண்ணில் இட்டால் காற்றோடு போய்விடும். தண்ணீர் கட்டிச் செய்பவர்கள் யூரியாவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, எம்.ஓ.பி. என்ற பொற்றாசியம் உரம் 20 கிலோவும் சேர்க்கலாம். முந்திய போகத்தில் கச்சான் (நிலக்கடலை) அல்லது பயறு போட்ட காணியானால் யூரியாவில் கால்பங்கைக் குறைத்துப் பாருங்கள்.

எத்தனை தடவை தண்ணீர்?

தைப் பயிருக்கு மண்ணில் ஈரம் நின்றால் ஒன்றோ இரண்டோ. சிறுபோகத்துக்கு நாலைந்து. தண்ணீர் அருமையானால் இந்த ஒழுங்கில் கொடுக்கவும்: முதலில் கதிர் பொதியாகும் நேரம் (40 முதல் 45 நாள்), அடுத்தது மணி பால் பிடிக்கும் நேரம் (60ஆம் நாளை ஒட்டி), அதற்கடுத்தது தூர் கட்டும் நேரம் (20 முதல் 25 நாள்). பூத்த பிறகு வரும் வறட்சிதான் விளைச்சலைக் கூடுதலாக அடிக்கும். அந்த நேரம் கிளைக்கதிராலும் ஈடுசெய்ய முடியாது.

ஒரு தடவைக்கு 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கொடுத்தால் போதும். ஏக்கருக்கு அது ஏறத்தாழ 1,60,000 லீற்றர். மணிக்கு 25,000 லீற்றர் இறைக்கும் வாட்டர் பம்ப் என்றால் ஆறரை மணித்தியாலம். மண்ணெண்ணெய்க் கணக்கை விதைக்கும் முன்பே போட்டுப் பார்க்கலாம். சால் வழியே கட்டவும், வயலுக்குக் கட்டுவதுபோல நிரப்பி வைக்கக் கூடாது.

கதிர் நீளமாக வந்தது, ஆனால் மணியே இல்லை. ஏன்?

கம்பின் கதிரில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தம் இரண்டு மூன்று நாள் பிந்தியே வரும். ஆகவே ஒரு கதிர் இன்னொரு கதிரின் மகரந்தத்தை எதிர்பார்த்து நிற்கிறது. அதைக் கொண்டுபோவது காற்று. அந்த நாட்களில் மழையோ, தொடர்ந்த மூட்டமோ இருந்தால் மணி பிடிக்காது. வீட்டுத் தோட்டத்தில் பத்துப் பயிர் மட்டும் வைத்தவர்களுக்கும் இதே முறைப்பாடுதான். நீட்டுக்கு ஒரு வரிசையாக நடாமல் சதுரமாக நாலைந்து வரிசை நட்டால் மகரந்தம் கைமாறும்.

கதிர் மணிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன இலைகளாக விரிந்து பச்சைத் துடைப்பம் போல நின்றால் அது அடிச்சாம்பல் நோய். அதிகாலையில் இலையின் கீழ்ப்பக்கம் வெண்மாவு பூத்தது மாதிரித் தெரியும். பிடுங்கி எரிக்கவும். அதன் வித்திகள் மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும், அடுத்த மூன்று ஆண்டுக்கு அந்தத் துண்டில் கம்பு வேண்டாம். இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பான எச்.பி. 1, 1965இல் வந்து விளைச்சலைத் தூக்கியது. பரந்த நிலத்தில் ஒரே இனத்தைப் போட்டதால் 1970களின் தொடக்கத்தில் இந்த நோயிடமே விழுந்தது.

கதிரிலிருந்து இளஞ்சிவப்பாகத் தேன் மாதிரிச் சொட்டி, எறும்பும் ஈயும் மொய்த்தால் தேன் ஒழுகல் நோய். மழைக்குள் பூத்ததன் விலை அது. அப்படியான கதிர்களைத் தனியே வெட்டி அழிக்கவும். அதன் கருங்கட்டி கலந்த தானியத்தைத் தின்றால் குமட்டல், வாந்தி, தலைச்சுற்று வரும். மாட்டுக்கும் போடக் கூடாது.

படைப்புழு வருமா?

வரும். 2018இல் இலங்கைக்குள் நுழைந்த சேனா படைப்புழுவுக்குப் பிடித்தது சோளம்தான், ஆனால் கம்பின் குருத்தையும் விடாது. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிந்தால் விரித்துப் பார்க்கவும். முதல் 30 நாள் வாரத்தில் இரண்டு தடவை வரிசையில் நடந்து முட்டைக் கும்பலையும் புழுவையும் கையால் நசுக்கினால் கால் ஏக்கருக்கு மருந்து தேவைப்படாது. பக்கத்தில் சோளக் காணி இருந்தால் கூடுதல் கவனம்.

கிளி, குருவி?

கம்பின் உண்மையான எதிரி இதுதான். ஊரில் நீங்கள் மட்டும் கம்பு போட்டிருந்தால் ஊர்க் கிளி முழுதும் உங்கள் காணியில். பால் பிடித்த நாளிலிருந்து அறுவடை வரை மூன்று கிழமை, காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் பின்னேரம் நாலிலிருந்து இருட்டும் வரையும் ஆள் வேண்டும். வெருளி இரண்டு நாளைக்குப் பயன்படும், மூன்றாம் நாள் கிளி அதன் தலையில் உட்காரும். பழைய ஒளிநாடாவை வரிசைக்கு மேலே முறுக்கிக் கட்டினால் காற்றுக்கு இரையும், அது ஓரளவு உதவும். கால் ஏக்கருக்கு வலை போடலாம். அயலவர் நாலைந்து பேர் ஒரே கிழமையில் விதைத்தால் சேதம் பங்கிடப்படும். மணிக்கு மேலே மயிர் நீண்ட இனங்களைக் குருவி குறைவாகவே தொடும்.

யானை வரும் எல்லைக் கிராமங்களில் மின்வேலி இல்லாத காணியில் கம்பு போட வேண்டாம். இளந்தண்டு இனிக்கும்.

அறுவடைக்கு எப்போது தயார்?

ஒரு மணியைப் பிடுங்கி அடிப்பக்கத்தைப் பார்க்கவும். காம்பு ஒட்டியிருந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அதற்கு மேல் மணி ஊறாது. கடித்தால் மாவாக நசியாமல் "டிக்" என்று உடைய வேண்டும். தாக்கத்தியால் கதிரை மட்டும் வெட்டி, படங்கில் நாலைந்து நாள் காயப்போட்டு, தடியால் அடித்துச் சுளகில் புடைக்கவும். தாய்க்கதிர் ஒரு கிழமை முந்தும், இரண்டு தடவையாக வெட்டினால் கிளிக்கு மிச்சம் குறையும்.

மானாவாரியில் ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ, தண்ணீர் கட்டினால் 1,000 கிலோவும் தாண்டும். விற்பதானால் விதைக்கும் முன்பே ஆளைப் பிடியுங்கள். சத்துமா அரைப்பவர்கள், கோழி, புறா வளர்ப்பவர்கள்தான் வாங்குவார்கள். நெல் மாதிரி களத்துக்கு வந்து அள்ளிப்போக யாரும் இல்லை.

மாவு ஒரு கிழமையில் கசக்கிறது. பழைய கம்பா?

இல்லை. கம்பில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு. குரக்கனில் 2 கிராமுக்கும் குறைவு. அரைத்ததும் அந்தக் கொழுப்பு சிக்குப் பிடிக்கத் தொடங்கும். முழு மணியாக 12 வீத ஈரத்துக்குக் காயவைத்து, மூடி இறுக்கமான வாளியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மாவாக்குவதைக் கிழமைக்கு ஒரு தடவை, வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யவும். கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து நன்கு காயவைத்து அரைத்தால் மூன்று கிழமை தாக்குப்பிடிக்கும்.

எப்படிச் சமைப்பது?

கூழ் என்றதும் இங்கே ஒடியற்கூழும் மீனும்தான் ஞாபகம் வரும். கம்பங்கூழ் வேறு: மாவை இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைத்து, காலையில் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பது. எங்கள் கணிப்பில் இந்தப் பக்கத்து வாய்க்கு முதலில் பிடிப்பது புட்டு. கம்பு மாவை வறுத்து, அதில் பாதிக்குச் சிவப்பரிசி மா சேர்த்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் தெளித்துக் குழைக்கவும். தனிக் கம்பு மா புட்டாக நிற்காது, உதிர்ந்துவிடும்.

இரும்புச்சத்து 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் கல்சியத்துக்குக் கம்பு சரிவராது, அதற்குக் குரக்கன்தான். நீரிழிவுக்காரர் அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது பிழை, 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாச்சத்துத்தான். தைரொயிட் பிரச்சினை உள்ளவர்கள் தினமும் மூன்று வேளை கம்பையே உண்ண வேண்டாம்.

மாட்டுக்குப் பச்சையாகப் போடலாமா?

தாராளமாக. இளம் இறுங்கில் உள்ள சயனைட்டு நஞ்சுப் பயம் கம்பில் இல்லை. கம்பைக் கண்டிராத பாற்பண்ணைக்காரரும் அதன் பிள்ளையைக் கண்டிருப்பார்கள். சீ.ஓ. 3 புல் கம்புக்கும் நேப்பியர்ப் புல்லுக்கும் பிறந்தது. கம்பை 50 நாளில், கதிர் தலைகாட்டும்போது அறுக்கவும். நிறைய யூரியா இட்ட பயிர் கடும் வறட்சியில் வாடி நின்றால் அடித்தண்டில் நைத்திரேற்று சேரும். அப்போது நிலத்திலிருந்து அரை அடி விட்டு மேலே அறுக்கவும், வறட்சிக்குப் பின் மழை விழுந்தால் ஒரு கிழமை பொறுத்து அறுக்கவும்.

அடுத்த போகத்துக்கு விதை எடுப்பது எப்படி?

கலப்பினமானால் எடுக்க வேண்டாம். மற்ற இனமானால், காணியின் நடுவிலிருந்து நோயில்லாத, ஒரே உயரமான பயிர்களில் தாய்க்கதிர்களாகக் குறைந்தது 50 கதிர், முடிந்தால் 200. இரண்டு மூன்று பெரிய கதிரை மட்டும் எடுத்தால் உறவுக்குள் கலந்து இரண்டு மூன்று போகத்தில் பயிர் நோஞ்சானாகும். 200 மீற்றருக்குள் வேறு கம்பு இனம் நின்றால் விதை சுத்தமாக இராது. காயவைத்து, உமிச்சாம்பல் கலந்து, போத்தலில் அடைத்து, எடுத்த திகதியையும் இனத்தின் பெயரையும் எழுதி ஒட்டிவிடவும்.